மேலே போகும் கோச்சி எது

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் துரை, பெரிய கிளாக்கர், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, அதற்கடுத்து நான். முதல் மூன்று பேரிடமும் போய்ப் பேச லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் தயங்குவார்கள். அதனால் அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் சீட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். நான் ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளையும் ஒரே தகரக் கூரையின் கீழ் வைத்துப் படிப்பிக்கிறேன். நான் வாசித்துச் சொன்னால், "டீச்சரம்மா சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். இதை மறைத்துவிட்டு எழுதினால் பின்னால் எழுதப் போவது விளங்காது.

என் மகளுக்கு ஆசிரியப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது போன வருடக் கடைசியில். கண்டியில், பகல் ஒரு மணிக்கு. தோட்டத்துப் பெண் பிள்ளைகளில் இப்படி ஒரு கடிதம் வந்தது அவளுக்குத்தான் முதல் தடவை. தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்குப் பிரஜாவுரிமையும் வோட்டும் இல்லை என்று ஆகிப்போன காலத்தில் அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு அவள் அப்பா கச்சேரிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து, பழைய துண்டுகளையெல்லாம் தேடிக் கொடுத்து, பிரஜாவுரிமைப் பத்திரம் வாங்கினார். அந்தப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், ரயில் காசு எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டு மகளிடமே கொடுத்தார். "உங்கம்மா பதறுவா. நீயே வச்சுக்க," என்றார். என் கையில் சோற்றுப் பொதியும் குடையும். நானும் கூடவே போவதாகத்தான் ஏற்பாடு. அவள் தனியாகத் தலவாக்கலைக் கடைத்தெருவைத் தாண்டிப் போனதில்லை.

எங்கள் ஸ்டேசன் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்ன இடம். மலையைக் குடைந்து போட்ட ஒற்றைத் தண்டவாளம்தான். பதுளைப் பக்கம் ஏறிப் போகிற கோச்சியும் கொழும்புப் பக்கம் இறங்கிப் போகிற கோச்சியும் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்காக எங்கள் ஸ்டேசனில் மட்டும் பாதை இரண்டாகப் பிரியும். கட்டடத்தை ஒட்டினாற்போல் ஒன்றாம் மேடை. இரண்டு தண்டவாளங்களையும் தாண்டி, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இரண்டாம் மேடை. மேம்பாலம் கிடையாது. மேடையின் நுனியில் நான்கு படி இறங்கி, கட்டைகளின் மேல் நடந்து, அந்தப் பக்கம் ஏறிக்கொள்ள வேண்டும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கொழும்புக் கோச்சி ஒன்றாம் மேடையில்தான் வந்தது. எப்போதாவது மாறி வந்தால் ஸ்டேசன் மாஸ்டர் வெளியே வந்து கத்துவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில், கடைசியாக, "கொழும்புக்குப் போற ஆக்கள் அங்காலை போங்கோ! ஓடாதேங்கோ, நிண்டுதான் போகும்!" என்று எங்களுக்கு. லயத்துப் பையன்கள் அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். ஆனால் அவர் காட்டிய பக்கம்தான் எல்லோரும் போவார்கள். ஒரு நாள் அவர் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பூட்டு விழுந்தது. கோச்சியில் ஏறிய பிறகு கார்டிடம் டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். கைகாட்டியை இழுக்கிறவர் மட்டும் மேடையிலிருந்து எட்டத்தில், வளைவில் இருக்கும் கேபினுக்குள் இருப்பார். அவர் இருப்பதும் இல்லாததும் எங்களுக்கு ஒன்றுதான். மேடையில் நிற்கிறவர்களுக்கு வழி சொல்ல ஒரு வாய் இல்லாமல் போயிற்று.

அன்று காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூட்டிய ஜன்னலுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். ஹட்டனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், நாவலப்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள், எங்கள் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவுக் கங்காணி. ஜன்னல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது. மேல் பாதியில் சிங்களம். இரவு பெய்த மழையில் மை கரைந்து நீலக் குழம்பாகிவிட்டது. கீழ்ப் பாதியில் ஆங்கிலம் தப்பியிருந்தது. தமிழ் இல்லை.

"வந்துட்டாங்க டீச்சரம்மா. வழி விடுங்கப்பா," என்றார் கங்காணி. "காலையிலேருந்து இதைப் பாத்துக்கிட்டே நிக்கிறோம். இது என்னமோ எங்களைப் பாக்குது."

நான் கிட்டப் போய் வாசித்தேன். சத்தமாகத்தான் வாசித்தேன். "அப் டிரெயின்ஸ், பிளாட்பாரம் டூ. டவுன் டிரெயின்ஸ், பிளாட்பாரம் ஒன்." பிறகு திரும்பி, வகுப்பில் சொல்வதுபோல் விளக்கினேன்.

"மேலே போற கோச்சி ரெண்டாம் மேடைக்கு வரும். கீழே போற கோச்சி ஒண்ணாம் மேடைக்கு வரும். அவ்வளவுதான்."

எங்களுக்கு மேல், கீழ் என்பது காலுக்குத் தெரிகிற விஷயம். தோட்டமே மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. மேல்மலையில் கொழுந்து எடுத்தால் மூச்சு வாங்கும், கீழ்மலையில் அட்டை கடிக்கும். பதுளைக் கோச்சி எங்கள் ஸ்டேசனிலிருந்து புகையைக் கக்கிக்கொண்டு மலை ஏறும். கொழும்புக் கோச்சி பிரேக் தேய இறங்கும். ஏறுவது மேலே, இறங்குவது கீழே. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கங்காணி தலையைச் சொறிந்தார். "அப்ப எப்பவும் வர்ற மாதிரியேதான் வருதுங்குறீங்க."

"ஆமா."

"இருக்கிறது இருக்கிறபடியே இருக்குன்னு சொல்றதுக்கா ஒரு காகிதம்? எங்க கண்டாக்கையா காலையில பெரட்டுக்களத்துல வேலை பிரிக்கிறப்ப பேசுற மாதிரில்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை. அவள் காகிதத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"அம்மா, கங்காணி சொல்றது சரிதானே? ஒண்ணும் மாறலைன்னா எதுக்கு ஒட்டுறாங்க?"

"கவர்மெண்டு காரியம் அப்படித்தான் புள்ள. பேசாம வந்து நில்லு."

"இல்லம்மா. அவங்க சொல்ற அப் நம்ம மேலயா இருக்காதோ?"

"பின்ன அப்புன்னா என்ன, பக்கவாட்டா?" என்றேன். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் விரும்பியே வாங்கினேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையின் நுனிக்கு நடந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, "கேபின்ல கேட்டுட்டு வந்துர்றேன்," என்றாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேபின் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து அவள் கேட்டது காற்றில் எனக்குக் கேட்டது. "மாத்தயா, கொளம்ப கோச்சிய கொயி பெத்தட்டத எந்நே?" கொழும்புக் கோச்சி எந்தப் பக்கம் வரும் என்றுதான். கடைத்தெருவில் பழகிய சிங்களம். அந்த ஆள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு கையால் இரண்டாம் மேடையைக் காட்டினார். அதற்குள்ளேயே கோச்சி வரப்போகிறது என்று கைகாட்டி சாய்ந்தது.

அவள் ஓடி வந்தாள். பின்னல் முன்னால் விழுந்து ஆட, மேடைக்கு ஏறாமல் தண்டவாளத்தின் ஓரத்திலிருந்தே கத்தினாள்.

"கொழும்புப் பக்கம் போறவங்க எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க! ஹட்டன், நாவலப்பிட்டி எல்லாம் அந்தப் பக்கம்! ரயில்வேக்காரங்களுக்குக் கொழும்புதான் மேலயாம்!"

கூட்டம் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பதினெட்டு வயதுப் பெண். கல்யாணக்காரர்கள் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு, "எதுக்கும் போவோம்," என்று இறங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் சிலர் இறங்கினார்கள். மற்றவர்கள் நின்றார்கள். கங்காணியும் நின்றார். "டீச்சரம்மா படிச்சுச் சொன்னாங்கல்ல," என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

மகள் மேலே ஏறி வந்து, "வாங்கம்மா, சீக்கிரம்," என்று என் கையிலிருந்த குடையை வாங்கப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு சிங்களத்துல என்னத்த சொன்னாரோ, நீ என்னத்த விளங்கிக்கிட்டியோ. எழுத்துல போட்டிருக்கு. எழுத்தவிட வாய்ச் சொல்லு பெரிசா?"

"அம்மா, கையக் காட்டுனாரு. கைக்கு என்னம்மா பாஷை?"

"இது இன்னைக்கு விளையாட்டு இல்ல. தப்பான பக்கம் போய் நின்னா உன் படிப்பு அத்தனையும் போச்சு."

"அதுக்குத்தாம்மா சொல்றேன்!"

நான் பிடியை விடவில்லை. பயத்தில்தான் பிடித்தேன். ஆனால் வெறும் பயம் மட்டும் என்று சொன்னால் பொய். அத்தனை பேருக்கு முன்னால் நான் வாசித்துச் சொன்னது தப்பாகிவிடக் கூடாது என்பதும் அந்தப் பிடியில் இருந்தது.

மலை ஏறுகிற கோச்சி முதலில் வந்தது. கொழும்புப் பக்கத்திலிருந்து வளைவைத் திரும்பி, நாங்கள் நின்ற ஒன்றாம் மேடைக்கு வந்து நின்றது. பெட்டிகள் எங்களுக்கும் இரண்டாம் மேடைக்கும் நடுவே சுவர்போல் நின்றன. பதுளைக்குப் போகிற கோச்சி. என் கண் ஜன்னல் காகிதத்துக்குத் திரும்பியது; நான் சொன்னபடி அது இரண்டாம் மேடைக்கு அல்லவா வந்திருக்க வேண்டும். எங்களில் ஒரு மனுஷர் எதையும் கேட்காமல் வாழைத்தாருடன் அதில் ஏறியே விட்டார். அவர் நானுஓயாவில் இறங்கி, பகலில் பஸ் பிடித்துத் திரும்பி வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு ஊதல் கேட்டது. நானுஓயாப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற கொழும்புக் கோச்சி. அதைத் தவறவிட்டால் அடுத்தது பிற்பகலில்தான். பஸ்ஸில் மாறி மாறிப் போனால் கண்டியில் கால் வைக்கும்போது நேர்முகம் முடிந்திருக்கும்.

என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கணக்கு ஒன்றை மனதுக்குள் போட்டு முடிக்கிறவள் மாதிரி ஒரு கணம். பிறகு கையை ஒரே இழுப்பாக உருவிக்கொண்டாள். முன்னால் நின்ற மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி, ஆட்களை விலக்கிக்கொண்டு போய், எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

அந்தப் பக்கக் கதவுக்கு மேடை இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஜல்லிக்கல் மட்டும். அவள் இறங்கினபோது கொழும்புக் கோச்சி இன்னும் நிற்கவில்லை. பெட்டி ஜன்னல்கள் வழியாக அதன் எஞ்சின் கறுப்பாக நகர்ந்து போவதை நான் பார்த்தேன். பிறகு ஆவி. வெள்ளையாக எல்லாவற்றையும் மூடியது. என் மகள் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தாள். ஒரு பக்கம் ஒரு கோச்சி, மறுபக்கம் ஒரு கோச்சி, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அகலம். நான் கத்தினேனா என்று தெரியாது. கங்காணி பிறகு சொன்னார், நான் கத்தவே இல்லையாம். வாயைத் திறந்தபடி நின்றேனாம்.

அந்தப் பெட்டியில் ஏறிப் பார்க்கலாம் என்று காலை எடுத்து வைத்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் கதவில் நெருக்கினார்கள். அப்போதே அந்தப் பக்கக் கோச்சி ஊதிவிட்டுக் கிளம்பியது. சக்கரம் உருளும் சத்தம் மட்டும்தான் எனக்கு. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துக் கோச்சியும் கிளம்பிப் போனது.

ஆவி கலைந்த பிறகு இரண்டாம் மேடையில் யாரும் இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், ஜல்லிக்கல்லின் மேல், அவளுடைய வலது கால் செருப்பு கிடந்தது. நேர்முகத்துக்கென்று ஹட்டனில் வாங்கிய செருப்பு. கவிழ்ந்து கிடந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. செருப்பை எடுத்தேன். பிறகு தண்டவாளத்தின் கீழே, கட்டைகளுக்கு இடையே, தூரத்தில் வளைவுவரை பார்த்தேன். என்ன தேடினேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் வகுப்பில் இருக்கும்போது கோச்சி ஊதினால் சுண்ணாம்புக்கட்டி என் விரலில் ஒடிந்துபோகிறது. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

கேபின்காரர் படியிறங்கி ஓடி வந்தார். நான் தண்டவாளத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். காக்கிக் கால்சட்டை, கையில் எண்ணெய்த் துணி.

"நோனா, பயம் வேணாம். புள்ள ஏறிச்சி. நான் கண்டது. உள்ளே இருந்து பொம்புளைங்க கை குடுத்துத் தூக்கினது. சப்பாத்து மட்டும் உளுந்தது."

"நெசமா பாத்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணுலயும் கண்டது." பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "ஏன் அந்தப் பக்கம் நிக்கிறது? காயிதம் ஒட்டினது தானே?"

"காகிதத்துல அப்புன்னு இருக்கு."

"ஓ. கொளும்பு அப். பதுள டவுன்." இதில் என்ன குழப்பம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். "எங்களுக்கு கொளும்பு தான் ஒசரம்."

"கோச்சி கீழல்ல இறங்குது."

அவர் சரிவைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். அதை அவர் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை போலிருந்தது. "அது சரிதான்," என்றார் மெதுவாக. எதற்காக மேடையை மாற்றினார்கள் என்று கேட்டேன். எனக்குத் தெரியாது, தந்தியில் வந்தது, எழுதி ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன் என்றார்.

மகள் ஏறிவிட்டாள் என்று அவர் சொன்னதை நம்பினேன். நம்பிய பிறகும் உடம்பு நம்பவில்லை. வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒன்றாம் மேடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்குச் சாப்பாடு இல்லை, குடை இல்லை, ஒரு கால் செருப்பும் இல்லை. பேராதனையில் இறங்கி வண்டி மாறத் தெரியுமா? அங்கேயும் இப்படி ஒரு பலகையில் இப்படி ஒரு சொல் எழுதி வைத்திருப்பார்களா?

பிற்பகல் கோச்சிக்காகக் கங்காணியும் அங்கேயே உட்கார்ந்தார். அவர் தங்கையைப் பார்க்க நாவலப்பிட்டிக்குப் போக வேண்டியவர். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஏன் டீச்சரம்மா, நாப்பது வருசமா எங்களைக் கொழும்புக்குக் கீழ எறங்குறோம்னு நெனைக்க வச்சுட்டானுங்களே. நாம மேலல்ல ஏறிக்கிட்டு இருந்திருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னாலதான் உங்க பயணம் கெட்டுது," என்றேன்.

"அட, தங்கச்சி எங்கயும் போயிர மாட்டா. இவ்வளவு வருசம் நீங்க படிச்சுச் சொன்னதுல ஒண்ணு பிசகிச்சு. மருந்துப் போத்தல்ல பிசகியிருந்தா நான் இன்னைக்கு இங்க உக்காந்து பேச மாட்டேன்." வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு, "ஆனா பாப்பா கையைப் புடிச்சீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. நானும் ஒங்க பக்கம்தான் நின்னேன், அதனால சொல்றேன்," என்றார்.

அதற்குப் பிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக்கட்டி ஒன்று எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். எழுந்து போய், டிக்கெட் ஜன்னலின் பலகையில், அந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதினேன். "தலவாக்கலை, ஹட்டன், நாவலப்பிட்டி, கண்டி, கொழும்பு: எதிர்ப் பக்க மேடை. நானுஓயா, பதுளை: இந்தப் பக்க மேடை." மேல், கீழ் என்ற சொல்லே இல்லாமல் எழுதினேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அம்பு போட்டேன். கேபின்காரர் வந்து பார்த்தார். ரயில்வேச் சொத்தில் எழுதக் கூடாது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டியைக் கேட்டு வாங்கி, கீழே சிங்களத்தில் அதையே எழுதினார். பிற்பகல் கோச்சிக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து நேராக அந்தப் பக்கம் போனார்கள். கங்காணி அம்பைக் காட்டி, "இது எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும்," என்று சொல்லிவிட்டு அவரும் கடந்து போய் ஏறிக்கொண்டார்.

அவள் சாயங்காலக் கோச்சியில் வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பெட்டிக் கதவில் அவளைப் பார்த்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கால்களைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. வெறுங்கால். வலது பாதத்தில் கைக்குட்டையைக் கட்டியிருந்தாள்.

"கல்லு கிழிச்சிருச்சு. அவ்வளவுதான். ஏம்மா, இங்கயேவா இருந்தீங்க?"

நான் அவள் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன். என் விரல் பதிந்த இடம் சிவந்திருக்கும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை.

"என்னை மன்னிச்சிரு," என்று சொல்ல நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வாயில் வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் கட்டிய சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். பெட்டிக்குள் இழுத்துவிட்டது கல்யாணக்காரப் பெண்கள். அவர்களே காலைத் துடைத்து, கைக்குட்டை கட்டி, பேராதனையில் எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று ஒரு பெரியவரிடம் ஒப்படைத்துவிட்டு நாவலப்பிட்டியில் இறங்கினார்களாம். கண்டியில் ஒற்றைச் செருப்போடு நடக்க வெட்கமாக இருந்ததால் அதையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மையாரும் இரண்டு ஐயாமாரும்.

"அந்தம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு என் காலைத்தான் முதல்ல பாத்தாங்க. ஏன் செருப்பு இல்லைன்னு கேட்டாங்க. கோச்சி ஏறுறப்ப விழுந்திருச்சுன்னேன். பிறகு ஒரு இங்கிலீசுப் புஸ்தகத்தைக் குடுத்து, ஒரு பக்கம் வாசிச்சு, மூணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லுன்னாங்க. சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒவ்வொரு சொல்லாச் சொல்லாம அர்த்தத்தைச் சொல்றியே, யாரு படிப்பிச்சாங்கன்னு கேட்டாங்க. எங்கம்மான்னேன்."

அவள் சாப்பிட்டு முடித்த வாழையிலையை நான் மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன். "காலையில நடந்ததைச் சொல்லலையா? நான் தப்பா வாசிச்சதை?"

"அது நம்ம ஸ்டேசன் கதை. அவங்களுக்கு எதுக்கு?"

பிறகுதான், ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல், பத்திரங்களையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டார்கள் என்றும், தை மாதம் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள் என்றும், வீட்டுக்குக் கடிதம் வரும் என்றும் சொன்னாள்.

என் மகள் என் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அன்று என்னோடு அந்தப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பாள். சொன்னதைக் கேள் என்றுதான் நான் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அன்றைக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் கொஞ்சம் தடுக்குகிறது. அவள் அந்தக் கதவைத் திறந்து இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் உயிர் போகிறது. அவள் கேபினுக்குக் கீழே நின்று, யாரோ ஓர் உத்தியோகத்தரை அண்ணாந்து, வேற்றுப் பாஷையில் கூச்சமில்லாமல் கேட்டதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. இரண்டும் ஒரே காலையில் நடந்தவை. எனக்கு இரண்டையும் பிரித்து வைக்கத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ரயில்வேக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பாஷையிலும் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள், அல்லது மேடையில் ஓர் ஆளை வையுங்கள் என்று. பதில் வரவில்லை. மழையில் அழியும்போதெல்லாம் பலகையில் எழுதுவது இப்போது என் வேலை. கைகாட்டிக்காரர் மாற்றம் ஏதும் வந்தால் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்.

அன்று சாயங்காலம் நாங்கள் தோட்டத்து ரோட்டில் ஏறினோம். அவள் வெறுங்காலோடு தாங்கித் தாங்கி நடந்தாள். குடையை நான் பிடித்தேன். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் முதல் வளைவிலேயே நிறுத்தி, "என்ன ஆச்சு டீச்சரம்மா, பாப்பாவுக்குக் கெடைச்சிருச்சா?" என்று கேட்டார்கள். கிடைத்துவிட்டது, தை மாதம் போகிறாள் என்றேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஆயா கேட்டாள். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், இங்கிலீசுப் புத்தகம் கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள் என்றேன். பேக்டரி வாசலில் அவள் அப்பா உடம்பெல்லாம் தேயிலைத் தூளோடு வெளியே வந்தார். அவருக்கு ஆரம்பத்திலிருந்து, அந்த அம்மையார் கண்ணாடியைத் தூக்கி விட்டது வரை, நானே நேரில் பார்த்ததுபோல் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லயத்துக்கு ஏறும் கடைசித் திருப்பத்தில் இன்னும் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் தோளைத் தொட்டாள்.

"அம்மா, இவங்களுக்காவது நான் சொல்றேனே," என்றாள்.